எதிர்க்கடையில் 299 ரூபாய், நானும் இறங்கட்டுமா?

கேள்வி:

வணக்கம் சார். திருப்பூர் காங்கயம் ரோட்டில் ஒன்பது வருடமாக வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். வாடகை இடம். ஒரு லிஃப்ட், ஒரு ரேம்ப், வேலைக்கு நாலு பசங்க. போன வருடம் தினம் 18 கார், 12 பைக் வரும். இந்த ஆகஸ்டுக்குப் பிறகு 11 காரைத் தாண்டவில்லை, பைக் 10. சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் கூட்டம், அவ்வளவுதான். தீபாவளியும் சுமார். காருக்கு 450, பைக்குக்கு 100 வாங்குகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒருவர் 'ஃபோம் வாஷ் 299' என்று ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்.

வாடகை 35,000. பசங்களுக்குத் தலைக்கு 14,000. பேங்க் தவணை 18,500. சமாளிக்க முடியாமல் தண்டலில் 50,000 எடுத்தேன். கையில் 44,000 கொடுத்தார்கள். தினம் 500 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நானும் 299-க்கு இறங்கட்டுமா? செராமிக் கோட்டிங் (கார் பெயின்ட் மேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) சாமான் விற்கிறவர், ஆறு லட்சம் போட்டால் வாஷிங்கை நம்பியிருக்க வேண்டாம் என்கிறார். மச்சான் இரண்டு பசங்களை நிறுத்தச் சொல்கிறார். வீட்டிலோ மூடிவிட்டு மறுபடி பனியன் கம்பெனி வேலைக்கே போகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எழுதியது 2025 டிசம்பரில்.)

பதில்:

299-க்கு இறங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் ஃபிளக்ஸ் கடைக்குப் போன் போட்டுவிடலாம்.

ஒரு காருக்கு ஷாம்பு, டேஷ்போர்டு பாலிஷ், துணி, மோட்டார் ஓடும் கரன்ட், பசங்களுக்குக் கொடுக்கும் பேட்டா எல்லாம் சேர்த்து 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் இதே தொழில் செய்கிற சிலரின் கணக்கைப் பார்த்ததில் அந்த அளவுதான் வருகிறது. உங்களுக்குப் பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம். 450-ல் 90 போனால் 360. தினம் 11 காருக்கு 3,960 ரூபாய். விலையை 299 ஆக்கினால் ஒரு காரில் நிற்பது 209. அதே 3,960 ரூபாயைப் பார்க்க 19 கார் கழுவ வேண்டும். உங்கள் நல்ல காலத்திலேயே 18 கார்தான் வந்தது. ஊரில் வண்டி குறைந்திருக்கும் நேரத்தில், நல்ல காலத்தைவிட அதிகக் கார் கழுவி, இன்றைய வருமானத்தையே எடுப்பீர்கள். பசங்க முதுகு ஒடியும், நோஸிலும் துணியும் தேயும், மிச்சம் ஒன்றுமில்லை. எதிர்க்கடைக்காரரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். புதுக் கடை, பெயர் எடுக்க வேண்டும், அதனால் கட்டியிருக்கிறார். எத்தனை மாதம் தாங்குவார் என்பது அவர் பாடு.

இப்போது உங்கள் கடிதத்தில் இருந்தே மாதக் கணக்கைப் போடுவோம். மாதம் 26 நாள். பைக்குக்கு செலவு 30 போக 70 நிற்கிறது. முன்பு கார், பைக் இரண்டிலும் செலவு போக மாதம் 1,90,000 வந்தது. வாடகை 35,000, சம்பளம் 56,000, தவணை 18,500, இதர வகைக்கு 5,000, ஆக 1,14,500. வீட்டுக்கு 75,000-க்கு மேல் போனது. இப்போது வருவது 1,21,000. கழிக்க வேண்டியதோ அதே 1,14,500. மிச்சம் ஏழாயிரத்துக்கும் கீழே. கல்லாவில் விழும் பணம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கிறது; உங்கள் கைக்கு வருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'வண்டி பாதிக்கு மேல் வருதே, ஏன் இப்படி இழுக்குது' என்று நீங்கள் குழம்பியிருந்தால், காரணம் இதுதான். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய செலவு அசையாமல் நிற்கிறது. வைத்தியம் அங்கேதான் செய்ய வேண்டும். விலைப் பலகையில் கை வைக்கத் தேவையில்லை.

முதலில் தண்டல். 44,000 வாங்கி நூறு நாளில் 50,000 கட்டுகிறீர்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் 22,000-தான். அதற்கு நூறு நாளில் ஆறாயிரம் வட்டி. ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு சதவீதம். மாதத்துக்கு 15,000 அதற்கே போகிறது. மிஞ்சுவதே ஏழாயிரம் இல்லாதபோது எங்கிருந்து கட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்: வாடகை நிற்கிறது, அல்லது இன்னொரு தண்டல் ஓடுகிறது. வீட்டில் நகை இருந்தால் பேங்கில் வைத்து இதை இந்த வாரமே முடியுங்கள். நகையை அடகு வைக்க மனசு வராதுதான். ஆனால் பேங்க் நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். நூறுக்கும் பத்துக்கும் நடுவில் கௌரவம் பார்ப்பதற்கு இடமில்லை.

அடுத்து பேங்க். தவணை இன்னும் தவறவில்லை என்றால் இப்போதே மேலாளரைப் போய்ப் பாருங்கள். தவறிய பிறகு போவதற்கும் முன்னால் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு தவணை தவறியதுமே கணக்கு எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகிறது. முப்பது நாள், அறுபது நாள் என்று படி இறங்கி, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பிறகு அந்த மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இருக்காது. காலத்தை நீட்டி, தவணையை 13,000 அளவுக்குக் குறைத்துத் தரக் கேளுங்கள். மொத்த வட்டி கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன். ஒன்று கவனம்: ஏற்றுமதியாளர்களுக்கு ரிசர்வ் வங்கி நவம்பரில் அறிவித்த தவணை ஒத்திவைப்பு உங்களுக்கும் உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது ஏற்றுமதி செய்கிறவர்களுக்கானது. அவர்களுடைய காரைக் கழுவுகிறவர்களுக்கு வராது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியில் அடி வாங்கியது அவர்கள் மட்டும் இல்லைதான். ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் உங்களுக்கு இடமில்லை. அதை நம்பிப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். சாதாரணத் தவணை மாற்றத்துக்கே விண்ணப்பம் எழுதுங்கள். கூடவே ஆறு மாத கணக்கு அறிக்கையையும் வண்டி எண்ணிக்கை எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.

இடத்துக்காரரிடம் வாடகையை 'குறையுங்கள்' என்று கேட்டால் முகம் சுருங்கும். ஆறு மாதத்துக்கு 29,000, அதன் பிறகு பழைய வாடகை என்று எழுத்தில் கேளுங்கள். காங்கயம் ரோட்டில் இன்றைக்கு எத்தனை ஷெட் காலியாகத் தொங்குகிறது என்று அவருக்கும் தெரியும். ஒன்பது வருடம் ஒழுங்காகக் கொடுத்தவர் நீங்கள். காலி செய்தால் அடுத்த ஆள் வர எத்தனை மாதம் ஆகும் என்பதை அவரே மனசுக்குள் கணக்குப் போடுவார். நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம்.

பசங்க விஷயத்தில் மச்சான் சொல்வது பாதி சரி. திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் கடையில் நாலு பேருக்கு வேலையே இல்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கின ஊர், ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போது இரண்டு பேரை வைத்து என்ன செய்வீர்கள்? இரண்டு பேரை முழு மாதத்துக்கும், மற்ற இருவரை வெள்ளி, சனி, ஞாயிறுக்கு மட்டும் தலைக்கு 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் செலவு 44,000 ஆகும். வார நடுவில் அவர்கள் வேறு வேலைக்குப் போகட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்; நாலு நாளும் வேலை கொடுக்காமல் வேறெங்கும் போகவும் விடாமல் பிடித்து வைப்பது அநியாயம். மூத்த பையன் யாராக இருந்தாலும் அவன் முழு நேரத்தில் இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு உங்கள் பெயர் தெரியாது, அவன் பெயர் தெரியும்.

இந்த மூன்றையும் செய்தால் வாடகையில் 6,000, சம்பளத்தில் 12,000, தவணையில் 5,500 குறைகிறது. கட்டியே ஆக வேண்டிய தொகை 1,14,500-ல் இருந்து 91,000-க்கு இறங்குகிறது. இன்று வருகிற அதே 11 காரும் 10 பைக்கும் வந்தாலே வீட்டுக்கு 30,000 நிற்கும். ஒரு வண்டி கூடக் கூட வேண்டாம். இது வசதியான வருமானம் என்று சொல்லமாட்டேன். தண்டல்காரர் வராத வருமானம்.

பிறகுதான் வண்டியைப் பற்றிப் பேச்சு. காணாமல் போன ஏழு கார் யாருடையது? இதற்கு நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் போனில் இருக்கிறது. கூகுள் பே, போன்பே வரலாற்றைத் திறந்து ஜூலை மாதம் யார் யார் 450 போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் நவம்பர் மாதத்தை எழுதுங்கள். ஜூலையில் இருந்து நவம்பரில் இல்லாத பெயர்கள்தான் உங்கள் ஏழு கார். அவர்கள் எல்லோரும் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அப்படி இருப்பதில்லை. பலர் வாரம் ஒரு முறை விட்டதை மாதம் ஒரு முறை ஆக்கியிருப்பார்கள். சிலர் வாசலில் வாளியை வைத்து அவர்களே கழுவுகிறார்கள். ஓரிருவர் வண்டியையே விற்றிருப்பார்கள். விலை 299 ஆனால் இவர்களில் யாரும் வாரா வாரம் வரப்போவதில்லை.

போன் செய்யுங்கள். சலுகை எதுவும் சொல்லாதீர்கள். 'வண்டி விட்டு ரெண்டு மாசம் ஆச்சுங்ணா, புதன்கிழமை காலைல கூட்டமில்லீங்க, விட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துல எடுத்துக்கலாம்' என்றால் போதும். வார நடுவில் காலியாகக் கிடக்கும் லிஃப்டை நிரப்ப வேண்டுமானால், அன்றைக்கு மட்டும் உள்பக்கம் வேக்கம் போட்டு, கால் மிதிக்கும் மேட்டைக் கழுவித் தருவதாகச் சொல்லலாம். பையன் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் செலவு. உங்கள் 450 அப்படியே நிற்கும்.

கையில் காசு இல்லாவிட்டாலும் கழுவியே ஆக வேண்டிய வண்டிகள் சில ஊரில் உண்டு. நீங்கள் இதுவரை அவற்றைத் தேடிப் போனதில்லை. வாசலில் வந்ததைக் கழுவினீர்கள். மஞ்சள் போர்டு வண்டி எதுவானாலும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும்: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். சேறும் கிரீஸுமாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு யாரும் கொண்டுபோவதில்லை. அண்டர் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிப்பக்கம், தண்ணீர் அடித்து, இஞ்சின் பக்கம் துடைத்துத் தர வேண்டும். இந்த வேலையைக் கொண்டுவந்து தருபவர்கள் டிரைவிங் ஸ்கூல்காரர்களும் ஆர்.டி.ஓ. வேலை பார்க்கும் கன்சல்டிங்காரர்களும்தான். நாலு பேரைப் பழக்கம் பிடித்தால் மாதம் முழுவதும் ஏதாவது ஒரு வண்டி வந்துகொண்டிருக்கும். பள்ளி வேன்களும் அப்படித்தான். பள்ளி திறப்பதற்கு முன்னால் மே மாதம் அதிகாரிகள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். பள்ளி நிர்வாகம் ஏப்ரல் கடைசியில்தான் ஆள் தேடும். நீங்கள் மார்ச்சில் போய்ப் பேசுங்கள். பெரிய பஸ் உங்கள் ரேம்ப்பில் ஏறாது, அதை எடுக்காதீர்கள்.

செகண்ட்ஸ் கார் விற்கும் கடைகளையும் சொல்ல வேண்டும். ஊர் மந்தமானால் அவர்கள் வாசலில் வண்டி கூடும். விற்க வருகிற காரில் பாப்கார்ன், நாய் முடி, சிந்திய பால் வாடை எல்லாம் இருக்கும். அதைச் சீட்டைக் கழற்றி எடுத்துத் தருகிறவருக்கு அவர்கள் 450-க்கு மேலேயே கொடுப்பார்கள், ஏனென்றால் வாடை போனால் அவர்கள் விலை ஐயாயிரம் ஏறுகிறது. ஆனால் கடன் வேண்டாம், ரொக்கம் மட்டும். பனியன் கம்பெனி வண்டிகளுக்கு மாதக் கணக்கு வைத்திருந்தால் அதையும் இப்போதே நிறுத்துங்கள். அவர்களுக்கே வெளிநாட்டில் இருந்து பணம் நிற்கிறது. உங்கள் நாலாயிரம் ரூபாய் பில் எந்த வரிசையில் நிற்கும் என்று யோசியுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்கிறேன். போன சில மாதங்களாக உங்கள் கழுவுதலும் இறங்கியிருக்கலாம். பணக் கஷ்டம் வந்தால் முதலில் குறைவது ஷாம்பு, அடுத்து துணி. கறுப்பு அல்லது அடர் நீலக் கார் ஒன்றைக் கழுவி வெயிலில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பக்கக் கண்ணாடியின் அடியிலும் கதவுப் பிடியின் கீழும் பாருங்கள். வெள்ளையாக வட்டம் வட்டமாக உப்புத் திட்டு இருக்கும். உங்கள் போர்வெல்லில் வருவது சப்பைத் தண்ணிதான், அதாவது உப்புத் தண்ணி. நொய்யல் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பதைத் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தானே. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு காருக்கு 20 லிட்டர் நல்ல தண்ணி வையுங்கள், நிழலில் வைத்து உடனே துடைக்கச் சொல்லுங்கள். சக்கரம் துடைத்த துணி பானெட்டுக்குப் போகக் கூடாது. அந்த மணல் போடும் கோடு சாயங்கால வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரியும். கறுப்புக் கார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்.

தண்ணீர் அடிக்கும் கன்னின் நோஸிலையும் பாருங்கள். 20 லிட்டர் வாளியில் தண்ணீரைப் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று எண்ணுங்கள். அதே நேரத்தைப் புது நோஸில் போட்டு எண்ணுங்கள். பழையதில் வாளி வேகமாக நிரம்பினால் துவாரம் தேய்ந்துவிட்டது: தண்ணீர் கூடப் போகிறது, வேகம் குறைகிறது, பையன் ஒரே இடத்தில் இரட்டை நேரம் அடிக்கிறான். சில நூறு ரூபாய் சாமானில் மோட்டார் ஓடும் நேரமே குறையும்.

செராமிக் கோட்டிங் வேண்டாம். அந்தச் சாமான் விற்கிறவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் தெரியும்: செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, புதுக் கார் நிறைய இறங்குகிறது, எல்லோரும் கோட்டிங் அடிப்பார்கள் என்று. புதுக் கார் இறங்கியது உண்மை. அந்தக் காருக்குக் கோட்டிங்கை ஷோரூமிலேயே தவணையோடு சேர்த்து விற்றுவிடுகிறார்கள். தகரக் கூரையும் நாலு பக்கம் திறப்பும் உள்ள உங்கள் ஷெட்டில், பக்கத்து ரோட்டுத் தூசி விழும் இடத்தில், அந்த வேலையைச் செய்யவும் முடியாது. அடைத்த அறை வேண்டும், வெளிச்சம் வேண்டும், கை தேர்ந்த ஆள் வேண்டும். ஆறு லட்சம் என்பது அறை கட்டுவதற்கு முந்திய விலை.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தில் தொடவே இல்லை. தினம் 18 கார் வந்த காலத்தில் உங்கள் வரவு மாதம் 2,40,000. ஆண்டுக்கு 29 லட்சம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லை என்றால் யாரிடமும் சொல்லாமல் நேராக ஓர் ஆடிட்டரிடம் போங்கள். இதைத் தள்ளிப்போட்டால் வட்டியும் அபராதமும் தண்டலைவிட மோசமாக வந்து நிற்கும். பதிவு இருந்து 18 சதவீதம் கட்டுகிறீர்கள் என்றால், மேலே நான் போட்ட கணக்கில் வரியைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வரி உட்பட 450 வாங்கினால் அதில் 69 ரூபாய் வரி. 50 லட்சத்துக்குள் வரவு உள்ள சேவைத் தொழிலுக்கு மொத்த வரவில் நேராக 6 சதவீதம் கட்டும் இணக்கத் திட்டம் (காம்போசிஷன்) இருக்கிறது. அதில் காருக்கு 27 ரூபாய்தான். சாமான் வாங்கும்போது நீங்கள் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கவும் முடியாது. உங்களிடம் வருகிறவர்கள் வீட்டுக் கார்க்காரர்கள், அவர்களுக்கு வரி பில் தேவைப்படாது. ஏப்ரல் முதல் மாற வேண்டுமானால் மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தேதி போய்விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மூடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழையபடி கம்பெனி வேலைக்குப் போகலாம்தான், ஆனால் உங்கள் தொழிலை இழுத்தது எதுவோ அதே காரணத்தால் கம்பெனிகளும் இப்போது ஆளைக் குறைக்கின்றன. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவு அமெரிக்காவுக்குப் போவது. வரி எப்போது இறங்கும் என்று சொல்லி உங்களைத் தைரியப்படுத்த நான் ஆளில்லை. ஆகையால் 11 கார் என்று வைத்தே திட்டம் போட்டிருக்கிறேன். செலவைக் குறைத்த பிறகு எட்டுக் கார் வந்தால் கடை தன் காலில் நிற்கும், வீட்டுக்கு ஒன்றும் வராது. ஏப்ரல் கடைசி வரை தினமும் எண்ணிக்கையை எழுதுங்கள். பள்ளி வேனும் எஃப்.சி. வண்டியும் சேர்த்தும் வாரச் சராசரி எட்டுக்குக் கீழே ஒரு மாதம் நின்றால், மூடுவதில் வெட்கமில்லை. அப்போது முதலில் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பாருங்கள், அட்வான்ஸைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள், லிஃப்டையும் பம்பையும் ஓட்டத்தில் இருக்கும்போதே விலை பேசுங்கள். நின்றுபோன மோட்டாருக்கு இரும்பு விலைதான் கொடுப்பார்கள்.